பாடகன் இல்லாத பதினான்கு பாட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிள்ளைகளுக்குச் சாதகம் எழுதுவித்தவர்கள் எண்ணிக்கையில் அடங்கமாட்டார்கள். பசுமாட்டுக்கு எழுதுவித்த இரண்டு பேரைக்கூட எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கசெற்றுக்குச் சாதகம் எழுதுவித்தவர் டைனமோ அண்ணை ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று சொல்ல ஆசை. உலகம் முழுவதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதால் குடாநாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அண்ணைக்குப் புத்தூரில் றேடியோ திருத்தும் கடை. என்னைவிட ஐந்து வயது இளையவர். ஊரே அண்ணை என்று கூப்பிடும்போது நான் மட்டும் தம்பி என்றால் நன்றாகவா இருக்கும்? நானும் அண்ணை என்றேன். அவர் என்னைக் "கிளாக்கர் ஐயா" என்பார். காணிக் கந்தோரில் இருபத்தாறு வருடம் கோப்புகளுக்கு இலக்கமிட்டவன் நான்.

தொண்ணூறில் சண்டையோடு மின்சாரம் நின்றது. பற்றரியும் வருவதில்லை. சைக்கிளை இரட்டைக்கால் ஸ்ராண்டில் ஏற்றி, பெடலை மிதித்து, பின்சில்லில் உரசுகிற டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்க எல்லோரும் பழகிக்கொண்டோம். அண்ணை அதற்கும் ஒரு படி மேலே போய், வயருக்கும் றேடியோவுக்கும் நடுவில் ஒரு பால்மாத் தகரப் பேணியைப் பொருத்தினார். பேணிக்குள் என்ன இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மிதிக்கிறவன் ஆனையாயிருந்தாலென்ன, எறும்பாயிருந்தாலென்ன, பேணிக்கு இஞ்சாலை வாறது ஒரே கரண்ட், ஐயா. அணுவும் பிசகாது."

அவர் சொன்னார், ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு நாங்கள் அங்கே கூடுவது வெளிநாட்டுச் செய்தி கேட்க. செய்திக்கு முன் பாட்டு. கேட்கிறவர் மிதிக்க வேண்டும், அதுதான் கடைச் சட்டம். நிரந்தரமாக மிதிப்பவர்கள் நானும் பேக்கரிக்காரரும். பேக்கரிக்காரர் மா பிசைந்து பிசைந்து தூண்மாதிரி இருந்தவர். அண்ணை மிதிக்கமாட்டார், மிதித்தால் காது வேலை செய்யாதாம். முறை குழம்பக்கூடாது என்று நான் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். கசெற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் மூன்று பாட்டுக்கு நான், மிச்சத்துக்குப் பேக்கரிக்காரர். யாரோ ஒருவர் முறையை ஒழுங்குபடுத்தாவிட்டால் நாடு என்னாகும்?

ஒருநாள், திருத்தத் தந்துவிட்டுக் கொழும்புக்குப் போனவர் திரும்பிவராத ஒரு கசெற் பிளேயரின் வயிற்றை அண்ணை திறந்தார். உள்ளே ஒரு கசெற் சிக்கியிருந்தது. பெயரில்லை, படமில்லை. மேலே நீல மையால் ஆங்கிலத்தில் "பெஸ்ட், இரண்டு" என்று மட்டும் எழுதியிருந்தது.

போட்டோம். இரண்டு கிற்றார், அடிக்குரலில் உறுமுகிற இன்னொரு கிற்றார், மேளங்கள். ஆங்கில றொக் சங்கீதம். கிற்றார் அழுதது, சிரித்தது, ஆளை வம்புக்கு இழுத்தது. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"பாட்டுக்காரன் இன்னும் வந்து சேரேல்லைப் போல. அங்கையும் பஸ் இல்லையாக்கும்" என்றார் பேக்கரிக்காரர்.

பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினான்கு என்று எண்ணினேன். பதினான்கிலும் பாட்டுக்காரன் வரவில்லை. அண்ணை கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டார்.

"விளங்குதே ஐயா? பெஸ்ட் எண்டால் கன இசைத்தட்டிலையிருந்து பொறுக்கியெடுத்த திரட்டு. ரண்டு எண்டால் ஒண்டு எங்கையோ இருக்கு. ஆர் உவங்கள்? எந்த ஊர்? ஆர் பொறுக்கினது? என்னத்துக்குப் பொறுக்கினது?"

ஒரே மூச்சில் நான்கு கேள்வி.

"பாடியிருந்தால் பாஷையை வைச்செண்டாலும் பிடிக்கலாம், அண்ணை."

"அதுதானே விசேஷம்! ஒரு சொல்லுச் சொல்லாமல் எல்லாத்தையும் ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்!"

அன்று தொடங்கியது. அடுத்த ஒரு வருடத்தில் அந்தக் கசெற்றின் பிறப்பைப் பற்றி அண்ணை முப்பத்தொரு கொள்கைகளை வெளியிட்டார். அவர் அவற்றை ஒரு கொப்பியில் எழுதினார், நான் இலக்கமிட்டேன்.

ஒன்பதாவது பாட்டின் முடிவில் யாரோ மெல்ல இருமுவது கேட்கும். அண்ணை அந்த இருமலுக்காக நாட்டுவைத்தியம் செய்கிற பரியாரியாரைக் கூட்டிவந்தார். பரியாரியார் எழுபது வயதுக்காரர், சைவப்பழம். கிற்றாரைக் கேட்டதும் ஏதோ வருத்தக்காரர் முனகுகிறார் என்றே நினைத்தார். இருமலை மட்டும் நான்கு தரம் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார்.

"வறட்டு இருமல். குளிர்ப்பட்ட நெஞ்சு. ஆளைக் கொண்டுவாருங்கோ, தூதுவளை குடுப்பம்."

"குளிர்!" அண்ணை துள்ளினார். "ஐயா, எழுதுங்கோ! குளிர் தேசம்! இருமினவன்தான் பொறுக்கினவன். வாசிச்சவங்கள் ஆராவது தங்கடை பாட்டுக்குள்ளை இருமுவாங்களே?"

பரியாரியார் போகும்போது, ஆளுக்குத் தூதுவளை கொடுக்க மறக்க வேண்டாம் என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சாதகம். செல்வச்சந்நிதிக் கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, தொண்டைமானாற்றில் ஒரு சாத்திரியாரிடம் அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியும் விடவில்லை.

"பிள்ளையின்ரை பேர்?" என்றார் சாத்திரியார்.

"இன்னும் வைக்கேல்லை."

"பிறந்த நேரம்?"

அண்ணை தயங்கவே இல்லை. கசெற்றை முதன்முதல் போட்ட நாளையும் நேரத்தையும் சொன்னார். சாத்திரியார் கட்டம் கீறினார், விரலை மடித்தார், முகத்தைச் சுளித்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக்கூடாது. ஆனால் கேட்டிட்டியள். இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் ஸ்தானத்திலை நாலு பேர் நிக்கினம்."

நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். அண்ணை சாத்திரியாரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "ரண்டு கிற்றார், ஒரு அடிக்கிற்றார், ஒரு மேளம்! நாலு! ஐயா, நாலு பேர்தான்!" திரும்பி வரும் வழியெல்லாம் ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டி மற்றக் கையால் காற்றில் கிற்றார் வாசித்தார். மூன்று தரம் மதகில் விழப் பார்த்தார்.

ஒருநாள் பாட்டுக்கு நடுவே ஆமி ஹெலிகொப்ரரின் சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் மேசைக்குக் கீழே போய்விட்டோம். மேசைக்குக் கீழிருந்து அண்ணை கேட்டார்: "ஐயா, உது மேலையோ, கசெற்றுக்குள்ளையோ?" நான் மிதிப்பதை நிறுத்தியிருந்தேன், கசெற்றும் நின்றிருந்தது, ஆகவே மேலேதான் என்றேன். அவர் முகம் வாடியது. ஹெலி வைத்திருக்கிற இசைக்குழு என்று பன்னிரண்டாவது கொள்கையை அதற்குள் மனத்தில் எழுதி முடித்திருக்கிறார்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய கொள்கை முப்பத்தோராவது. பதினான்கு பாட்டில் ஆறு மெதுவாக, தொனி தாழ்ந்து, கொஞ்சம் தள்ளாடி வருவதையும், எட்டு துள்ளிக்கொண்டு வருவதையும் அண்ணை கண்டுபிடித்தார்.

"எட்டும் இளந்தாரிக் காலத்திலை வாசிச்சது. ஆறும் கிழடு தட்டின பிறகு. நடுவிலை இருபது வருஷம்! கேளுங்கோ, உந்த முதலாவது பாட்டை. கிற்றார்க்காரனுக்கு மூட்டுவாதம். விரல் எழும்புதில்லை, பாவம். பேந்து நாலாவதைக் கேளுங்கோ. மூட்டுவாதம் வர முன்னம்! இரண்டு காலத்தையும் ஒண்டாப் பொறுக்கித் திரட்டியிருக்கிறாங்கள்!"

அவர் சொன்ன பிறகு எங்களுக்கும் அப்படியே கேட்டது. அந்த ஆறு பாட்டு வரும்போது பேக்கரிக்காரர் உச்சுக்கொட்டுவார். எனக்கும் கண் கலங்கியது. மூட்டுவாதம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணை கொடிகாமத்துக்குச் சாமான் வாங்கப் போன ஒருநாள், எனக்கு முழங்கால் மிகவும் மோசமாக இருந்தது. பேக்கரிக்காரர் தொடக்கத்திலிருந்து தானே மிதித்தார். நான் கதிரையில் இருந்து, வேறு வேலையில்லாமல், பெடலை எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபது. நான் மிதித்தால் நாற்பத்தெட்டு. முதலாவது பாட்டு வந்தது. கிழட்டுப் பாட்டு. அது துள்ளிக்கொண்டு ஓடியது. இரண்டாவதும் துள்ளியது. மூன்றாவதும்.

கிற்றார்க்காரனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூட்டுவாதம் என்னுடையது.

பேக்கரிக்காரர் ஒன்றையும் கவனிக்கவில்லை. "நல்ல உசார் இண்டைக்கு" என்று தன் காலைப் பார்த்துச் சொன்னார். நான் அட்டவணையைப் பார்த்தேன். பக்கத்துக்கு மூன்று, இரண்டு பக்கத்துக்கு ஆறு. நானே எழுதி, நானே ஒட்டியது. பேணி ஒன்றையும் நேராக்கவில்லை. மிதிக்கிறவன் களைத்தால் கசெற்றும் களைத்தது. அவ்வளவுதான் இருபது வருட இடைவெளி.

அண்ணை வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் கொடிகாமத்திலிருந்து சாமான் ஒன்றும் இல்லாமல், ஒரு புதுக் கொப்பியோடு வந்து இறங்கினார். "ஐயா, பழசு முடிஞ்சு போச்சு. மூட்டுவாதக் கொள்கையை வடிவா, முதல்லையிருந்து எழுதப் போறன்." பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்போல முகம். அந்த நாட்களில் செய்தியில் நல்லது ஒன்றும் வருவதில்லை. நான் ஏன் ஒவ்வொரு பின்னேரமும் முழங்கால் வலியோடு அங்கே போனேன் என்று எனக்குள் கேட்டுப்பார்த்தேன். செய்திக்காக அல்ல. வாயை மூடிக்கொண்டேன். நான்கு மாதம் மூடியபடி இருந்தேன்.

அப்போதுதான் கடலோரக் குருநகரிலிருந்து கிற்றார் மாஸ்ரர் வந்தார். கலியாண வீடுகளில் வாசிக்கிறவர். ஒலிபெருக்கி திருத்த வந்தவர் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அருமையான வாசிப்பு, அண்ணை. ஆனால் நீங்கள் சொல்லுறமாதிரி இளமையும் கிழடுமில்லை. ஒரே கிற்றார், ஒரே கை, ஒரே அறை. ஒரே நாளிலை வாசிச்சிருக்கிறாங்கள்."

"ஒரே நாளோ? மாஸ்ரர், உங்களுக்குக் காதிலை கடல் தண்ணி பூந்திட்டுது!"

"எனக்குக் கடல் தண்ணி. உங்களுக்குப் புகையிலைத் தோட்டத்துத் தண்ணி!"

"பந்தயம்!"

"பந்தயம்!"

நான் தடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாஸ்ரரின் மருமகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். வீட்டில் ஜெனறேற்றர் ஓடும். உண்மையான கரண்டில் கசெற்றின் ஒரு பக்கத்தைப் போட்டு எல்லோரும் கேட்பது. எல்லாப் பாட்டும் ஒன்றுபோல இருந்தால் கசெற் மாஸ்ரருக்கு. இரண்டு காலம் என்று தெரிந்தால் மாஸ்ரரின் மின்கிற்றார் அண்ணைக்கு.

நான் அந்த மாதம் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. ஜெனறேற்றருக்கு முழங்கால் வலி கிடையாது. அண்ணை தோற்கப்போகிறார். சபையில் தோற்கப்போகிறார், கசெற்றையும் இழக்கப்போகிறார். அந்தக் கசெற் இல்லாமல் அந்தக் கடையில் என்ன இருக்கும்? ஒரு பால்மாப் பேணி இருக்கும். அதுவும் பொய்ப்பேணி.

கலியாணத்தன்று மத்தியானம் குருநகருக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை பொம்பிளை வேதக்கோயிலால் வர முன்னம் விசாரணையை முடிப்பது என்று ஏற்பாடு. பந்தல் நிறையக் கலர் பல்ப். கலியாணத்துக்கு வந்த சனம் எல்லாம் கசெற் பிளேயரைச் சுற்றி நின்றது. அண்ணை புதுக் கொப்பியைத் திறந்து முன்னுரை வாசித்தார். நான் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று வீட்டின் பின்புறம் போனேன்.

பின்னால் கொட்டிலுக்குள் ஜெனறேற்றர். ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிட்டிருந்தார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினின் குடும்பம்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னப் பிடி எங்கே இருக்கும் என்று புத்தூர்க்காரனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மெசினைப் பார்க்கிறவர் பலகாரத்துக்காகப் பந்தலுக்குப் போயிருந்தார். பிறர் சாமானில் வாழ்நாளில் கைவைக்காதவன் நான். பிடியைக் கீழே இழுத்தேன்.

பந்தலில் முதலாவது பாட்டு தொடங்கியது. தள்ளாடியது. விரல் எழும்பவில்லை, பாவம்.

"என்ன பல்பெல்லாம் மூச்சு வாங்குது?" என்று யாரோ கத்தினார்கள். பொம்பிளையின் பெரியம்மா விசிறி நின்றுவிட்டது என்று சத்தம்போட்டார். நான் பாட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். ஒன்று. இரண்டு. வாசலில் ஜெனறேற்றர்காரர் வந்துவிட்டார், வாயெல்லாம் பலகாரம்.

"ஐயா, இஞ்சை என்ன செய்யிறியள்?"

"மெசின் சூடேறாமல் பாக்கிறன், தம்பி."

"கையை எடுங்கோ, ஐயா!"

"இன்னும் ஒரு பாட்டு, தம்பி. உண்ணாணை, ஒரேயொரு பாட்டு!"

என் வயதையும் என் முகத்தையும் பார்த்து அவர் வாயிலிருந்ததை மென்றபடி நின்றார். மூன்றாவது முடிந்தது. பிடியை மேலே தள்ளினேன். பல்பெல்லாம் பளிச்சிட்டன, நாலாவது பாட்டு துள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது, பந்தலில் சனம் கைதட்டியது.

நான் திரும்பிப் போனபோது மாஸ்ரர் கிற்றாரை அண்ணையின் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "தோத்துப் போனன், அண்ணை. இரண்டு காலம்தான். என்ரை காதைக் கழட்டிக் கடலிலை போடவேணும்." கண்ணில் நீர், ஆனால் சிரித்தார். நேர்மையான மனிதர்.

திரும்பும்போது நான் ஓயாமல் கதைத்தேன், அண்ணை கதைக்கவில்லை. முதுகில் கிற்றார். கல்வியங்காடு வந்தது, கதைக்கவில்லை. இருபாலை, கோப்பாய். கோப்பாய்ச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

"ஐயா, மூண்டு பாட்டுக்குப் பல்ப் மங்கினது. நாலாவதோடை வெளிச்சது. நான் றேடியோக்காரன்."

நானும் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"அப்ப பேணி வேலை செய்யேல்லை."

"இல்லை, அண்ணை."

"அந்த ஆறும் நீங்கள் மிதிச்சது."

"ஓம்."

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"அஞ்சு மாதம்."

அவர் சைக்கிளைத் திருப்பினார். "நீங்கள் வீட்டை போங்கோ. நான் குருநகருக்குப் போயிட்டு வாறன்." பொழுதுபடப் போகிறது என்று நான் கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தநாள் ஐந்து மணிக்குக் கடைக்குப் போக எனக்குத் துணிவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. போனால் பேக்கரிக்காரரும் அண்ணையும் மட்டுமல்ல, கிற்றார் மாஸ்ரரும் இருந்தார், மடியில் தன் கிற்றாரோடு. கசெற் அவருடைய சேட்டுப் பையில். அண்ணை தோல்வியை ஒப்புக்கொண்டு இரண்டையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கொடுத்த கையோடு வாசலில் நின்றபடியே புதிய கொள்கையையும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட மாஸ்ரர், மிச்சத்தையும் கேட்க விடியப் புறப்பட்டு வந்துவிட்டார்.

"எழுதுங்கோ, ஐயா. முப்பத்திரண்டு." அண்ணையின் முகத்தில் பழைய வெளிச்சம். "மாஸ்ரர் சொன்னது சரி, ஒரே நாள்தான். பதினாலு பாட்டையும் ஒரே நாளிலை ஏன் வாசிச்சாங்கள்? ஆற அமர வாசிக்கலாமே? ஏலாது! அந்த ஊருக்கும் கரண்ட் இல்லை, ஐயா. ஒரேயொரு நாள் வந்திருக்கு. நாளைக்கு இருக்குமோ தெரியாது. பாடுறவனைத் தேடிக் கூட்டிவர நேரமில்லை. உள்ள நாலு பேர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, கரண்ட் நிக்க முன்னம், தங்களிட்டை உள்ளதிலை நல்லதையெல்லாம் பொறுக்கி வாசிச்சிருக்கிறாங்கள். அதுதான் பெஸ்ட்!"

மாஸ்ரர் கசெற்றை எடுத்துப் பிளேயருக்குள் வைத்தார்.

"ஏறுங்கோ, கிளாக்கர் ஐயா" என்றார் அண்ணை. "முதல் மூண்டும் உங்கடை."

"வேண்டாம் அண்ணை, நான் மிதிச்சால் பிழையா வரும்."

"பிழையா வரட்டும். எனக்கு அப்பிடித்தான் பழக்கம்."

ஏறினேன். மிதித்தேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் வீடுகளை விட்டு வெளிக்கிட்டபோது அண்ணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு சந்திக்கவில்லை. இப்போது கொழும்பில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவளுடைய கைத்தொலைபேசியில் ஒரு வித்தை இருக்கிறதாம். தெரியாத பாட்டின் மெட்டை அதனருகே முணுமுணுத்தால் போதும். யார் வாசித்தது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுமாம். "அப்பா, அந்தப் பாட்டு உங்களுக்கு இன்னும் ஞாபகம்தானே, ஒருக்கால் பாடுங்கோவன்" என்று அவள் அடிக்கடி அதை என் முகத்தருகே நீட்டுகிறாள். பதினான்கு மெட்டும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு பேரையும் பற்றி அண்ணை சொன்னதைவிட மேலாக, அந்தத் தொலைபேசியால் எனக்கு என்ன சொல்லிவிட முடியும்?